காத்திருப்பு அறையில் தொங்கிய மலை

நான் பல் வைத்தியன். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், கீழே கிளினிக்கும் மேலே வீடுமாக முப்பத்தைந்து வருடம் இருந்தேன். எண்பத்துமூன்றில் தமிழருக்கு எதிராக நடந்த ஆடிக் கலவரத்தில் கிளினிக்கின் முன்பக்கம் எரிந்தது. திருத்திக் கட்டி வெள்ளையடித்த பிறகு காத்திருப்பு அறையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நாலு பக்கமும் வெறுஞ்சுவர். பல்வலியோடு வந்து குந்தியிருக்கிற சனத்துக்குப் பார்க்க ஒன்றுமில்லை, என் அறைக் கதவைத் தவிர.

அந்த நாட்களில் என்னிடம் பல வருடமாகப் பல் காட்டிவந்த ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கிப் பெண்மணி அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் அடங்காத ஒரு படம் இருக்கிறது, உங்கள் சுவருக்கு வேண்டுமா என்று கேட்டார். போய் எடுத்துவந்தேன். வயலில் மழை. கிட்டப் போய்ப் பார்த்தால் சாம்பலும் பச்சையுமாக வர்ணத் திட்டுகள்தான், தூரிகை இழுத்த தடம் தடமாகத் தெரியும். நோயாளியின் கதிரைக்குப் பக்கத்தில் நின்று திறந்த கதவினூடாகப் பார்த்தால் மழை பெய்துகொண்டிருக்கும். முதல் வாரம் முழுக்க, ஒவ்வொரு பல்லுக்கும் இடையில் நான் தலையை நிமிர்த்தி அந்த மழையைப் பார்த்தேன்.

அப்படித்தான் தொடங்கியது. பிறகு கனடாவுக்கும் லண்டனுக்கும் போகிற குடும்பங்கள் தளபாடம் விற்கும்போது நான் அலுமாரியையும் கட்டிலையும் விட்டுவிட்டுச் சுவரைப் பார்ப்பேன். ஹெவ்லொக் டவுனில் ஒரு வீட்டில் விடியற்காலை ஆற்றுப் படம் ஒன்று கிடைத்தது. இரத்மலானையில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரு பொறியியலாளரிடம் இரண்டு கடல். சனம் போகப் போக என் சுவர் நிறைந்தது. அதை அப்போது நான் அப்படி யோசிக்கவில்லை. நல்ல படம் வீணாகப் போகாமல் நான் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

எல்லாமே நிலக்காட்சிகள். ஆட்களை வரைந்த படங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் வீதியில் இறங்கினால் ஒவ்வொரு சந்தியிலும் முகத்தையும் அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். என் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கும். அதை நீட்டி நீட்டி அலுத்து வீட்டுக்கு வருகிற எனக்கு, ஒரு முகமும் இல்லாத வயலும் தண்ணீரும் ஆறுதலாக இருந்தன.

சில வருடம் போக, மரம் மரமாகத் தெரிகிற படங்களிலும் ஆசை விட்டுப்போயிற்று. நிறத்தை மட்டும் வைத்து, இது வானம் இது நிலம் என்று உணரவைக்கிற படங்களைத் தேடத் தொடங்கினேன். என் மனைவி கணித ஆசிரியை. அவளுக்கு மழைப் படம் பிடிக்கும். மற்றவற்றைப் பார்த்து, சுவருக்கு வர்ணம் அடித்தவன் தூரிகை துடைத்த துணி மாதிரி இருக்கிறது என்பாள். நோயாளிகளும் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒரு பிள்ளை ஒரு படத்தைக் காட்டி அது நாய் என்று அடம்பிடித்தது. ஓய்வுபெற்ற சிங்களப் பெரியவர் ஒருவர், நானும் வயசுபோன காலத்தில் சும்மா வரைகிறவன்தான் என்று சொல்லி, நேரத்தோடு வந்து படங்களுக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அவர் வருகிற நாட்களில் எனக்குப் பெருமையாக இருக்கும்.

இன்னொருவர் வந்ததும் அந்தக் காலத்தில்தான். நான் சொல்வது, கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் மை கலக்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரை. நாற்பது வயதிருக்கும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து இளவயதில் கொழும்புக்கு வேலைக்கு வந்தவர். கொட்டாஞ்சேனையில் வேறு பல் வைத்தியர்கள் இருந்தார்கள். அச்சக முதலாளி என்னிடம் வருகிறவர் என்பதால் அவரையும் அனுப்பியிருந்தார். கடைவாய்ப்பல் ஒன்று வீங்கியிருந்தது. முறை வந்து பேர் கூப்பிட்டபோது அவர் எழும்பவில்லை. போய்ப் பார்த்தேன். கன்னத்தில் கையை வைத்தபடி மழைப் படத்துக்கு மிகக் கிட்ட நின்றுகொண்டிருந்தார்.

பல்லைப் பிடுங்கி, பஞ்சைக் கடிக்கச் சொல்லி அனுப்பினேன். போகிறபோது பஞ்சுக்குள்ளால் எதையோ சொன்னார். விளங்கவில்லை. அடுத்த முறை வந்தபோது திரும்பச் சொன்னார்: அந்தச் சாம்பல் நிறம் கறுப்பும் வெள்ளையும் கலந்து வந்ததல்ல, நீலமும் ஒரு துளி மண்ணிறமும் சேர்ந்து வந்தது, அதனால்தான் ஈரமாக இருக்கிறது என்று. நான் ஏழெட்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்த படத்தைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை அவர் சொல்லிவிட்டார்.

வரைவீரா என்று கேட்டேன். கொஞ்சம், என்றார்.

நான் அவரை 'நீர்' என்றுதான் கதைத்தேன். யாழ்ப்பாணத்து டொக்டர்மார் அச்சகத் தொழிலாளி ஒருவரோடு அப்படித்தான் கதைப்போம்; மரியாதைக் குறைவாக நினைத்துச் செய்வதில்லை. அவர் என்னை 'ஐயா' என்பார்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு ஹார்ட்போர்ட் பலகையோடு வந்தார். அச்சகத்தில் டின் அடியில் மிஞ்சுகிற மையைச் சேர்த்துவைத்து அதில்தான் வரைகிறவர். அந்த மை லேசில் காயாது. தாளைப் பிரித்தபோது ஓர் ஓரத்தில் செய்தி எழுத்துகள் நீலத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. அதை அவர் நகத்தால் மெல்லச் சுரண்டினார்.

இரண்டு வருடத்தில் அவரிடமிருந்து நாலு படம் வாங்கினேன். அவர் வருகிற ஞாயிறுகளில் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள், நாங்கள் நிறத்தைப் பற்றிக் கதைப்போம். எனக்கு வேறு யாரோடும் அப்படிக் கதைக்கக் கிடைக்கவில்லை. அவருடைய குடும்பத்தைப் பற்றியோ ஊரைப் பற்றியோ நான் பெரிதாகக் கேட்டதில்லை. மனைவி இருக்கிறாள், ஒரு மகள் இருக்கிறாள் என்று தெரியும். அவ்வளவுதான்.

நாலாவது படம்தான் பெரியது. இரண்டரை அடி அகலம் வரும். மேலிருந்து கீழ்வரை பல விதமான பச்சை. நடுவில் வளைந்து வளைந்து ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்னக் கறுப்புச் சதுரங்கள். கீழ் மூலையில் தடித்த நீலம். அதைக் காத்திருப்பு அறையின் நடுச்சுவரில் மாட்டினேன். கேட்டவர்களுக்கெல்லாம் அது எங்கள் வெள்ளவத்தைக் கடற்கரைதான், சிவப்பு ரயில்பாதை, கறுப்புப் பாறைகள் என்று விளக்கம் வேறு சொன்னேன்.

அவர் இருக்கும்போதும் ஒரு நோயாளிக்கு அப்படிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நோயாளி போன பிறகு, நான் சொன்னது சரிதானே என்று கேட்டேன்.

"ஐயாவுக்குக் கடல் தெரியுதுன்னா கடலாவே இருக்கட்டும்," என்றார். பிறகு, "இது மலைங்க," என்றார்.

மலை உச்சியில் நின்று கீழே பார்த்தால் தெரிவது அது. பச்சையெல்லாம் தேயிலை. சிவப்பு, தோட்டத்து மண்பாதை. கறுப்புச் சதுரங்கள் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீடுகள், கூரைத் தகரம் மழையில் நனைந்தால் அப்படித்தான் கறுக்கும் என்றார். நீலம், பிறகு கட்டிய நீர்த்தேக்கம். அவர் பிறந்த லயம் இப்போது அந்த நீலத்துக்குள் இருக்கிறது. தண்ணீர் ஏறிய நாளில் எல்லாரும் உச்சியில் ஏறி நின்று பார்த்தார்களாம். கோயில் மணியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள், மாமரம் ஒன்று மட்டும் இரண்டு நாள் தலை தெரிய நின்றது என்று சொன்னார்.

நான் எல்லாவற்றையும் கேட்டேன். பச்சையில் எத்தனை மை கலந்தீர் என்றும் கேட்டேன். அந்தத் தோட்டத்தின் பேர் என்ன என்று கேட்கவில்லை.

வடக்கில் நடந்த யுத்தம் கொழும்புக்கும் வந்து, அந்த வருடம் குண்டுகள் வெடித்தன. ஒவ்வொன்றுக்கும் பிறகு தமிழர் அதிகமாக இருக்கிற எங்கள் பக்கத்தில் சுற்றிவளைப்பு நடக்கும். ஒழுங்கையின் இரண்டு முனையையும் மறித்துவிட்டு வீடு வீடாக வருவார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு எல்லாரும் பொலிஸில் பதிந்திருந்தோம், பத்திரங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அதனால் பயமில்லை என்று சொல்லிக்கொள்வோம். பயம் இருந்தது.

அன்றைக்குக் காலை ஒன்பது மணி. காத்திருப்பு அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள், அந்தச் சிங்களப் பெரியவரும் இருந்தார். ஒரு பொலிஸ் அதிகாரியும் துவக்கோடு இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். அதிகாரி இளம் ஆள். களைத்துப்போயிருந்தார். என்னை 'டொக்டர் மஹத்தயா' என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். அட்டைகளைப் பார்த்தார், பதிவைப் பார்த்தார், எல்லாம் சரி என்று திருப்பித் தந்தார். போகத் திரும்பியவர் நடுச்சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"மே சிதியமக்த?" என்று கேட்டார். இது ஒரு வரைபடமா?

நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியாது. அவர் சிரிக்கவில்லை. சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். பாதை, என்றார். கறுப்புச் சதுரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். கட்டடங்கள், என்றார். நீலத்தைத் தொட்டு, தண்ணீர், துறைமுகமா என்று கேட்டார்.

உண்மையில் அவர் அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்தார். பாதையும் கட்டடமும் தண்ணீரும்தான் அது. நான் இரண்டு மாதம் பாறையென்றும் ரயில்பாதையென்றும் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

கதிரையிலிருந்த சிங்களப் பெரியவர், அது வெறும் சித்திரம், இப்போது இப்படித்தான் வரைகிறார்கள் என்று மெல்லச் சொன்னார். அதிகாரி அவரைப் பார்த்து, எதைப் பற்றிய சித்திரம் என்று கேட்டார். பெரியவருக்கு அது தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். கடைக்காரரோடும் அரசாங்கக் கந்தோரிலும் தினமும் பேசுகிற சிங்களம். "நே மஹத்தயா, மே கந்தக்." இல்லை ஐயா, இது ஒரு மலை. நாலு சொல். அதற்கு மேலும் சொல்லியிருக்கலாம், தேயிலைத் தோட்டம் என்று, நீர்த்தேக்கம் என்று. அவர் நம்பியிருப்பாரா தெரியாது. ஆனால் நான் சொல்லவில்லை.

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். இது ஒரு நோயாளி கொண்டுவந்து தந்தது, கொட்டாஞ்சேனையில் அச்சகத்தில் வேலை செய்கிறவன், என்ன வரைந்தானோ தெரியாது என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே போய் நோயாளிகளின் கார்ட் வைக்கிற அலுமாரியைத் திறந்து அவருடைய கார்ட்டை எடுத்தேன். மருந்து எழுதிக் கொடுக்கிற துண்டு ஒன்றில் அவருடைய பேரையும் விலாசத்தையும் எழுதினேன். எழுத்து வழக்கமான என் எழுத்தாகவே இருந்தது.

அதிகாரி துண்டை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். படத்தை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டார். தாராளமாக, என்றேன். நானே கதிரை போட்டு ஏறி ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தேன்.

அவர்கள் போன பிறகு திரும்பினேன். மனைவி படிக்கட்டில், கீழிருந்து மூன்றாவது படியில், பத்திரங்கள் வைத்த பையோடு நின்றாள். திரும்பி மேலே போனாள். சிங்களப் பெரியவர் அன்றைக்குப் பல் காட்டவில்லை, இன்னொரு நாள் வருகிறேன் என்று போனார். வேறு யாரிடம் காட்டினாரோ, என்னிடம் பிறகு வரவேயில்லை.

அன்று பின்னேரமே நான் கொட்டாஞ்சேனைக்குப் போயிருக்க வேண்டும். போய், இப்படி நடந்துவிட்டது, கவனமாக இரும் என்று சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். போகவில்லை. சோதனைச்சாவடிகள் கடுமை என்று எனக்கு நானே சொன்னேன். ஒன்றும் நடக்காது, ஒரு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள் என்றும் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வராததற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியும். தெரியாதது போல ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பர் படித்தேன்.

அதோடு படம் வாங்குவதை விட்டேன் என்று சொல்ல ஆசைதான். விடவில்லை. அதே மாதத்தில், வெளிநாடு போகிற ஒரு குடும்பத்தின் வீட்டில் மஞ்சளும் ஊதாவுமாக ஒரு வயல் பார்த்து வாங்கிவந்து, நடுச்சுவரில் வெறுமையாக இருந்த ஆணியில் மாட்டினேன். ஆணி வெறுமையாக இருப்பதைப் பார்க்க முடியாமல் மாட்டினேன் என்று நினைக்கிறேன்.

நாலாவது வாரம் அவருடைய மனைவி வந்தார். நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. மெலிந்த பெண், சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு நோயாளிகளோடு வரிசையில் இருந்து, முறை வந்த பிறகுதான் உள்ளே வந்தார். கதிரையில் உட்காரவில்லை. கணவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். யாரோ ஒருத்தர் வீட்டில் அவருடைய படம் அகப்பட்டதாம், அதை மேப் என்று சொல்கிறார்களாம். அவர் இன்னும் இரண்டு பேருக்குப் படம் கொடுத்திருக்கிறார், யார் வீட்டில் அகப்பட்டது என்று தெரியவில்லை.

"ஐயா வீட்டுலயும் அவரு படம் இருக்குன்னு சொல்லியிருக்காரு," என்றார். "அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். உங்களுக்கும் ஏதும் பிரச்சின வந்துடக் கூடாது. எறக்கி எங்கயாச்சும் வச்சிருங்க."

நான் பேசின் குழாயைத் திறந்து கையைக் கழுவினேன். கழுவி முடித்தும் தண்ணீரை நிறுத்தவில்லை. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். என் வீட்டில்தான் அம்மா, என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர் போகிறபோது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். படித்த ஒருவர் எழுதினால் மதிப்பார்கள் என்று ஒருவர் சொன்னாராம். ஒரு கடிதம் தருவீர்களா. உடனே இருந்து எழுதினேன். ஆங்கிலத்தில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. இவரை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும், நல்ல ஒழுக்கமுள்ளவர், ஓவியர், அவர் வரைவதெல்லாம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களும் நீர்த்தேக்கங்களும், வேறெதுவும் இல்லை. என் வைத்தியப் பதிவு இலக்கத்தோடு கையெழுத்து வைத்து முத்திரை குத்தினேன். அந்தப் பெண் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு அவரை விட்டார்கள். குற்றம் ஒன்றும் சாட்டவில்லை. கடிதம் உதவியதா, தானாகவே விட்டார்களா, எனக்குத் தெரியாது. அச்சகத்தில் திரும்ப எடுக்கவில்லை. முதலாளி நல்லவர்தான், ஆனால் அவரும் தமிழர், அச்சகத்தைத் திறந்துவைத்திருக்க வேண்டியவர்.

விட்டு இரண்டு கிழமையால் அவர் கிளினிக்குக்கு வந்தார். வார நாள், காலை. காத்திருப்பு அறையில் சுவர்ப்பக்கம் திரும்பாமல் வாசலைப் பார்த்தபடி இருந்தார். உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி வாயைத் திறக்கச் சொன்னேன். மேல்வரிசையில் முன்பல் இரண்டு பாதியில் முறிந்திருந்தன. அதற்குப் பக்கத்தில் ஒன்று இல்லை. கீழே ஒரு கடைவாய்ப்பல் வெடித்து உள்ளே சீழ் பிடித்திருந்தது.

எப்படி நடந்தது என்று கேட்டேன். முதல் தடவையாக 'நீங்கள்' என்று கேட்டேன். அது என் வாயில் எனக்கே புதிதாக இருந்தது.

"விழுந்துட்டேனுங்க," என்றார்.

விறைப்பூசி போட்டேன். அது பிடிக்கும்வரை பத்து நிமிடம் இருக்க வேண்டும். வழக்கமாக அந்தப் பத்து நிமிடத்தில் நான் நோயாளியோடு கதைப்பேன், இல்லையென்றால் படத்தைப் பார்ப்பேன். அன்றைக்குப் பல் பிடுங்குகிற கருவிகளை ஒழுங்காக அடுக்கி, திரும்பக் கலைத்து அடுக்கினேன்.

அவர்தான் கதைத்தார். உதடு ஒரு பக்கம் விறைத்திருந்ததால் சொற்கள் வழுக்கின.

"முதல் நாள் ஒரு துண்டு காட்டுனாங்க. என் அட்ரஸ் எழுதியிருந்திச்சு. மேல உங்க பேரு அச்சடிச்சிருந்திச்சு. அந்தத் துண்டுல நீங்க எனக்கு எத்தனையோ தடவ மருந்து எழுதிக் குடுத்திருக்கீங்க. பாத்ததும் எழுத்து தெரிஞ்சிருச்சு."

கையில் இருந்த கருவியைத் தட்டில் வைத்தேன்.

"வீட்டுல சொல்லல. அவ உங்க கடுதாசிய சாமிப் படத்துக்குக் கீழ வச்சிருக்கா."

பயந்திட்டன், என்று சொன்னேன். வேறென்ன சொல்வது. மன்னியுங்கோ என்று சொல்ல வாய் எடுத்தேன், ஆனால் அந்தச் சொல் இந்த இடத்துக்குப் போதாது என்று பட்டது. அப்படிப் பட்டதற்காகச் சொல்லாமல் விட்டது இன்னொரு பிழை. போதாவிட்டாலும் சொல்லியிருக்க வேண்டும்.

"பயம் எல்லாருக்கும் இருக்குங்க," என்றார். "மலைன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நான் அங்க தொண்ணூறு நாளும் அதத்தான் சொன்னேன். நான் சொன்னா எடுபடல."

பிறகு ஊசி பிடித்துவிட்டது. வாயைத் திறந்தார். வெடித்த பல்லைத் துண்டு துண்டாக எடுக்க வேண்டியிருந்தது. முக்கால் மணித்தியாலம் வேலை. அவர் ஒரு தடவைகூடக் கையை உயர்த்தவில்லை. நான் என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக ஒரு பல்லைப் பிடுங்கியதில்லை. அந்தக் கவனத்தை எங்கே காட்டியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

எழும்பிப் போகிறபோது வாசலில் நின்று, சுவரில் இருந்த தன்னுடைய மற்ற மூன்று படங்களையும் ஒரு தடவை பார்த்தார். அவற்றை இறக்கி வைத்துவிடுங்கள், மாட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கோபத்தில் கேட்கவில்லை. இன்னொரு தடவை யாரும் வந்து பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான். அவர் நின்றபடியே மூன்றையும் கழற்றினேன். எடுத்துக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டேன். வீட்டுல வச்சுக்க முடியாதுங்க, என்றார்.

முன்பற்களுக்குப் பொய்ப்பல் செய்வதற்கு அச்சு எடுத்திருந்தேன். பத்து நாளில் வரச் சொன்னேன். பல் தயாராகி வந்துவிட்டது. அவர் வரவில்லை. மூன்று கிழமை பார்த்துவிட்டு, பல்லைச் சின்னப் பெட்டியில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். விலாசத்தை நான் கார்ட்டில் பார்க்கத் தேவையில்லை. அது மனப்பாடம்.

சந்துக்குள் சந்தாகப் போய், ஒரு பொதுத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது வீடு. ஒரே அறை. வேறு ஆட்கள் குடியிருந்தார்கள், மட்டக்குளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மீன்பிடிக் குடும்பம். முன்னுக்கு இருந்தவர்கள் எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண், குடும்பத்தோடு மலைக்கே போய்விட்டார்கள், அவர் மனைவியின் ஆட்கள் இருக்கிற தோட்டத்துக்கு என்றார். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. "நீங்க சொந்தக்காரங்களா?" என்று கேட்டார். பல் டொக்டர் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து பெட்டியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் மனைவி அதைப் பற்றி முதல் தடவை கதைத்தாள். அதுவரை இரண்டு பேரும் அந்தக் காலையைத் தொடாமல் வாழ்ந்தோம். நான் பயத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். என் பிறந்த இடம், இரண்டு பிள்ளைகள், கிளினிக் எரிந்தது, எல்லாம் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"பயந்தது பிழையெண்டு நான் சொல்லேல்லை," என்றாள். "ஆனா நான் படியில நிண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். அவங்கள் விலாசம் கேக்கேல்லை. நீங்களாத்தான் அலுமாரியைத் திறந்தனீங்கள்."

நான் அதற்கு முன் எத்தனையோ தடவை அந்தக் காலையை மனதில் ஓட்டிப் பார்த்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் அதிகாரி விலாசம் கேட்டார், நான் கொடுத்தேன் என்றுதான் ஓடியது. அவள் சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. கேட்கவில்லை. அவர் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேள்வி வருவதற்கு முன்னாலேயே நான் நடந்துவிட்டேன்.

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடம் கழித்து, கிளினிக்கை மூடிய பிறகு, ஒரு வான் பிடித்து மனைவியோடு மலைநாட்டுக்குப் போனேன். நீர்த்தேக்கம் ஒன்றைக் கண்ட இடத்தில் நிறுத்தச் சொன்னேன். வீதியோரத்துத் தேத்தண்ணிக் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவருடைய பேரைச் சொல்லி, கொழும்பில் அச்சகத்தில் இருந்தவர், படம் வரைகிறவர், மனைவியும் ஒரு மகளும் என்று சொன்னேன். அந்தப் பேரில் அந்தப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. அவர்கள் தங்களுக்குள் கதைத்துப் பார்த்தார்கள். ஒருவர் யாருக்கோ போன்கூட எடுத்துக் கேட்டார். கொழும்பிலிருந்து வந்தவர்களைக் கேள்வியோடு திருப்பி அனுப்ப அவர்களுக்கு மனமில்லை. கடைசியில், இந்த மலைகளில் இப்படித் தண்ணீர் நாலைந்து இடத்தில் கட்டியிருக்கிறது, நீங்கள் தேடுகிறவர் வேறு பக்கமாக இருக்கலாம் என்றார்கள்.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வானில் ஏறினோம். மற்றப் பக்கங்களுக்கும் ஒருநாள் போய்ப் பார்ப்போம் என்று மனைவி சொன்னாள். அதற்குப் பிறகு அவளுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது, எனக்குக் கண் ஒப்பரேசன். நாங்கள் இன்னும் போகவில்லை.